சுருக்கம் விழாத நட்சத்திரம்

தையல்கூடத்தை நடத்தும் பெரியக்கா, தைத்து முடித்த கொடியைத் தரையில் விரித்துப் பார்த்தாள். நடுவில் ஆள் உயர வெள்ளை நட்சத்திரம். அதைச் சுற்றிலும் சுருக்கம், பிழிந்து உதறாமல் காயப்போட்ட துணி மாதிரி. மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் கொடி ஏற வேண்டும். இப்போது மணி பத்தரை.

நாட்டின் ஐம்பதாவது ஆண்டு விழாக் கொடி என்றதும் தையல்கூடத்தில் எல்லோருக்கும் ஆசை. நட்சத்திரத்தில் தன் கை பட வேண்டும் என்று பதினொரு பெண்களும் ஆளுக்கு இரண்டு சாண் தைத்தார்கள். பன்னிரண்டாவது ஆளை மட்டும் தொடவிடவில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கத்து நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள் அவள். அதனால் எல்லோருக்கும் அவள் அக்கரைக்காரி.

"நம்ம கொடிய நம்ம கைதான் தைக்கணும்" என்று சொன்னதே பெரியக்காதான். அக்கரைக்காரிக்கு ஓரம் மடிக்கும் வேலை கிடைத்தது. அந்த ஓரம் கோடு போட்டதுபோல் கிடந்தது.

அவள் குனிந்து தையலைத் தடவினாள். "ஒருத்தர் இறுக்கியிருக்கீங்க, ஒருத்தர் தொளதொளன்னு விட்டிருக்கீங்க. ஒரே கை தைச்சாத்தான் படியும்க்கா."

எல்லோர் கண்ணும் அவள் மடித்த ஓரத்துக்குப் போனது. பெரியக்கா யாருக்கும் இரவல் தராத தன் கத்தரிக்கோலை அவளிடம் நீட்டினாள். "பிரி. நீயே தை. சாயங்காலம் எங்ககூட உக்காந்து பாக்கற."

பதினொரு பேரும் கொடியைச் சுற்றி உட்கார்ந்து துணியை விறைப்பாகப் பிடித்தார்கள். அவள் ஊசி நிற்கவேயில்லை.

"இழுத்துப் புடிங்கடி, தூக்கமா வருது?"

"பாருடி, அக்கரை நம்மள அதட்டுது!" என்று காஜா போடுகிறவள் சொல்ல, கூடமே சிரித்தது. பெரியக்கா செம்பைத் தூக்கி அக்கரைக்காரியின் வாயில் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று மணிக்கு நட்சத்திரம் தண்ணீர்ப்பரப்புபோல் படிந்திருந்தது. எல்லோரும் கைதட்டியதில் தெருவே எட்டிப் பார்த்தது.

மைதான வாசலில் காவலாளி அடையாள அட்டைகளைப் பார்த்தார். "இந்த நாட்டு அட்டை இல்லாதவங்க உள்ள போக முடியாது."

"அந்த நட்சத்திரமே இவ தைச்சதுங்க!" என்றாள் பெரியக்கா.

"இருக்கலாம்மா. எனக்கு உத்தரவு இதுதான்."

ஏழு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். பெரியக்காவும் மூன்று பேரும் போகவில்லை.

"நீங்க போங்கக்கா."

"சும்மா இருடி. உன்ன விட்டுட்டு எவ போவா?"

மதிலுக்கு மேலே கொடி எழுந்தது. காற்று அதை ஒரே வீச்சில் விரித்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. உள்ளே ஆயிரமாயிரம் தொண்டைகள் முழங்கின. "ஏறிடுச்சுடி!" என்று வெளியே ஐந்து பேரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அக்கரைக்காரியின் விரல் நுனிகளில் ஊசி குத்திய ரத்தம் காய்ந்திருந்தது.

காவலாளி கொடியைப் பார்த்து விறைப்பாக நின்று வலது கையால் சல்யூட் அடித்தார். அவருடைய இடது கையிலிருந்த தடி அவளுக்கு முன்னால் குறுக்கே நீண்டபடியே இருந்தது.