எதிர் வேனில் மிஹோகோ

ரெண்டு வாரமாகக் கத்திக் கத்தி எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மேயர் வேட்பாளர் சுகுடாவின் பிரசார வேனில் மைக் பிடிப்பது என் வேலை. வெள்ளைக் கையுறையோடு சன்னலுக்கு வெளியே கையை ஆட்டியபடி, 'சுகுடா, உங்கள் சுகுடா' என்று ஃபுகுவோகா நகரம் முழுக்கக் கூவ வேண்டும். நேற்று கடையில் சோற்றுருண்டை வாங்கப் போய், விலை கேட்பதற்குப் பதில் "சுகுடாவை ஆதரியுங்கள்" என்று குனிந்து கும்பிட்டேன். கடைக்காரி பயந்துவிட்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இப்போதைய மேயர் ஹிராபுகியின் வேனில் மைக் பிடிப்பவள் என் தங்கை மிஹோகோ. தொழிலைக் கற்றுக் கொடுத்ததே நான்தான். அம்மா செத்ததிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. அம்மாவின் அஸ்திப் பானை அவள் வீட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிறோடு அம்மா செத்து ஒரு வருஷம். எங்கள் ஊர் முறைப்படி அன்றைக்கு அதை அப்பாவின் கல்லறைக்குள் வைத்தாக வேண்டும். தர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம், காரணமும் சொல்ல மாட்டாள். என்ன பெண்ணோ!

பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம். எட்டு மணிக்கு மைக்கை அணைத்துவிட வேண்டும், சட்டம். அதற்குச் சற்று முன்னால் மார்க்கெட் சந்தில் திரும்பினோம். எதிரே ஹிராபுகி வேன். எதிராளியின் வேனைக் கண்டால் மைக்கிலேயே வாழ்த்துவதுதான் எங்கள் வழக்கம்.

"சுகுடா அவர்களே, நல்லா போராட வாழ்த்துறோம்!" மிஹோகோவின் குரல்.

"ஹிராபுகி அவர்களுக்கும் எங்க வாழ்த்துக்கள்" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். பாழாய்ப்போன வாய் நின்றால்தானே! "ஞாயித்துக்கிழமை அம்மாவக் கொண்டு வருவியா மாட்டியாடி?"

சந்தே அதிர்ந்தது. முன்சீட்டில் சுகுடா, ஆட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, "எந்த அம்மா? யாரோட அம்மா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"அன்புள்ள அக்கா அவர்களே, கொண்டு வர மாட்டேன்!" அதே பிரசாரக் குரலில் பதில் வந்தது.

"ஏன்டி?"

"மைக்ல சொல்ற விஷயமா அது?"

"சொல்லும்மா, கேப்போம்!" என்றார் மீன்கடைக்காரர். "இப்ப ஓட்டு அக்காவுக்கா, தங்கச்சிக்கா?"

எட்டு அடித்தது. டிரைவர் மைக்கை அணைத்தார். நான் இறங்கினேன், அவளும் இறங்கினாள். ரெண்டு பேருக்கும் தொண்டை போயிருந்தது. முகத்தோடு முகம் வைத்துத்தான் பேச முடிந்தது.

"அப்பாகூட என்னை வைக்காதேன்னு அம்மா சொன்னாங்கக்கா. ஆஸ்பத்திரியில, என் கையப் பிடிச்சுக்கிட்டு."

"பொய்! அவங்க ஒரு நாள்கூட சண்டை போட்டதில்ல."

"அப்பா அம்மாவ வாயத் தொறக்க விட்டாத்தானே சண்டை போட."

எங்கள் அப்பாவா? அப்படியானால் இத்தனை வருஷம் நான் எந்த வீட்டில் இருந்தேன்?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு அப்பான்னா உயிர். அக்கா தாங்க மாட்டா, சொல்லிடாதேன்னு அம்மாதான் சொன்னாங்க. இப்ப சொல்லிட்டேன்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அப்ப அம்மாவ எங்கதான் வைக்கிறது?"

"தெரியலக்கா. அதான் அலமாரியிலயே வச்சிருக்கேன்."

பின்னால் ரெண்டு வேட்பாளர்களும் ஒன்றும் புரியாமல் ஒருவருக்கொருவர் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையுறையைக் கழற்றி அவள் முகத்தைத் துடைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை எங்கயும் எடுத்துட்டுப் போக வேண்டாம்," என்றேன். "நான் உன் வீட்டுக்கு வர்றேன். அம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்."