ஜெபக்குறிப்பு

"ஆண்டவரே, நம்ம சாந்தசீலி அக்கா மக ஜெனிட்டாவை உம்ம கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம். புருஷனை விட்டுப்போட்டு அவிநாசியிலிருந்து வந்து அம்மா ஊட்டுல இருக்குது. அந்தப் பையனோட குடியை மாத்தும்..."

அம்புஜம் கண்ணை மூடி உருகி உருகி ஜெபித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தசீலிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம். பாலுசாமி உபதேசியார் வீட்டுக் கூடம் கொள்ளாமல் பெண்கள். சங்கிலி ஜெபத்தில் ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். இப்போது சாந்தசீலியின் முறை. அவள் வாயே திறக்கவில்லை. அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

ஜெனிட்டா கேட்டது ஒன்றுதான்: யாருக்கும் தெரிய வேண்டாம். யாரும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் இந்த ஞாயிறு சபைக்கு வருகிறேன் என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தாள். வீட்டை விட்டு வெளியே வரவே மனமில்லாமல் கிடந்த பெண்.

செருப்பைக் கூட மாட்டாமல் அம்புஜம் பின்னால் ஓடிவந்தாள். "ஏனுங்க்கா, பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க?"

கோபம் வந்தால் சாந்தசீலியின் பேச்சில் மரியாதை கூடிவிடும். "ரொம்ப நன்றிங்க. ஊருக்கே சொல்லிப்போட்டீங்க. ஒரு மைக்கும் இருந்திருந்தா மேட்டுப்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும்."

"ஜெபத்துலதானுங்க சொன்னேன்."

"கர்த்தருக்குக் காது நல்லாக் கேக்குமுங்க. உங்க ஊட்டுல கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரு."

"மனசுக்குப் பாரமா இருந்துச்சுங்க்கா. எல்லாரும் சேர்ந்து கேட்டா..."

"எம் புள்ளையோட பாரம் உங்களுக்கு எதுக்குங்க? இனிமே எங்க ஊட்டுப் படி ஏறாதீங்க."

வழியெல்லாம் பொருமிக்கொண்டே நடந்தாள். போன வாரம் இதே கூட்டத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசியது அவள்தான். நன்றாகப் பேசினாய் என்று எல்லோரும் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அன்று எடுத்துச் சொன்ன வசனம் இப்போது நினைவுக்கு வரத்தான் செய்தது. பிறகு வா என்று அதைத் துரத்திவிட்டாள்.

வீட்டில் ஜெனிட்டா கையில் போனோடு நின்றிருந்தாள்.

"யாரோ ஒரு ஆன்ட்டி கூப்பிட்டாங்க. 'உனக்காக எல்லாரும் ஜெபம் பண்ணினோம் கண்ணு, தைரியமா இரு'ன்னாங்க."

"எல்லாம் அந்த அம்புஜம் பண்ணுன வேலை."

"அவங்களுக்கு யாரும்மா சொன்னது?"

சாந்தசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"நாந்தான் கண்ணு. மனசு தாங்கலை. ஒருத்திகிட்டயாவது சொன்னா..." தெருவில் அம்புஜம் சொன்னதைத்தான் தானும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. "என்னை மன்னிச்சுரு கண்ணு."

"முடியாதும்மா. இன்னைக்கு என்னால முடியாது. ஞாயித்துக்கிழமை நான் வரலை. அடுத்த வாரமும் கேக்காதே." கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவின் முன் சாந்தசீலி நின்றாள். மகள் மேல் கோபம் வரவில்லை. அம்புஜத்தின் மேல் இருந்தது அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. ஆறட்டும், ஆறிய பிறகு போகலாம் என்று பார்த்தாள். ஆறுகிற மாதிரி இல்லை. அந்தக் கொதிப்போடேயே செருப்பை மாட்டினாள்.

அம்புஜத்தின் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். வெளியே வந்த அம்புஜத்தின் கண்கள் வீங்கியிருந்தன.

"உம் மேல இன்னும் கோவமாத்தான் இருக்குது. துளி குறையலை. ஆனா மொதல்ல வாயைத் திறந்தது நானு. படி ஏறாதீங்கன்னு சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் வந்து ஜெனிட்டாகிட்ட மன்னிப்புக் கேட்கட்டுங்களா?"

"வேண்டாம். எங்கிட்டயே பேச மாட்டேங்குது. அதுவா கூப்பிடட்டும். அதுவரைக்கும் அது பேரை எங்கேயும் எடுக்காதே."

"சரிங்க்கா."

திரும்பி நடக்கப் போனவளை அம்புஜம் நிற்கச் சொன்னாள். உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சாந்தசீலி அம்புஜத்தின் முகத்தைப் பார்க்காமல் சொம்பை வாங்கினாள். நின்றபடியே முழுவதையும் குடித்தாள்.