கோட்டுக்கு வெளியே இருபத்தாறு புள்ளிகள்

ஜெயச்சந்திரன் மாமா டயாலிசிஸுக்குப் போகாமல் ஒன்பது நாளாகியிருந்தது. ஆந்திர எல்லையோரம் இருக்கும் பிச்சாட்டூரிலிருந்து புறப்பட்டு, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, திருவள்ளூருக்கு வாரம் இரண்டு முறை போக வேண்டும். மூன்று வருடம் போனவர், போதும் என்று படுத்துவிட்டார். பிச்சாட்டூருக்கு மெஷின் வந்தால்தான் இனி போவாராம்.

எந்தெந்த ஊருக்கு மெஷின் என்று முடிவு செய்ய வரைபடம் தயாரித்தது திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆபீஸ். லிஸ்ட் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் இறங்கியதும் நேராகப் பக்கத்து வீட்டு மாமாவைப் பார்க்கப் போனேன்.

ருக்மணி அத்தை மாமாவின் வீங்கிய பாதத்தை விரலால் அழுத்திக் காட்டினார். குழி மேலெழவே இல்லை.

"ஸ்ரீபெரும்புதூர்லருந்து பையன் போன் மேல போன் போடுறான், கார் வச்சு இட்டுக்கினு போறேன்னு. இவரு அசைய மாட்டேன்றாரு. நீயாச்சும் சொல்லு மஞ்சு."

"ஆபீசரம்மா வந்துட்டாங்க," என்றார் மாமா, மூச்சு வாங்கச் சிரித்து. "மெஷின பையில போட்டுக்கினு வந்தியா?"

"லிஸ்ட்ல நம்ம ஊரு இல்ல மாமா. நாளைக்கே திருவள்ளூர் போயிடுங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"ஏன் இல்ல? நம்ம தெருவுலயே நாலு பேரு. எண்ணத் தெரியாதா அவங்களுக்கு?"

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போறாங்களோ அங்கதான் புள்ளி வைப்பாங்க. நம்மாளுங்க எல்லாம் தமிழ்நாட்டுக்குப் போறாங்க. ஜில்லா கோட்டுக்கு வெளிய விழுந்த புள்ளி கணக்குல வராது. நம்மாளுங்க இருபத்தாறு புள்ளி அப்படிப் போச்சு."

வரைபடத்தில் எங்கள் பிச்சாட்டூர் மண்டலம் வெள்ளையாக இருந்தது, அங்கே நோயே இல்லாதது போல. என் மேலதிகாரி முரளி சார் என் மேசையருகே நின்று, "ஜில்லா வரைக்கும் போதும்மா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். வீட்டு விலாசத்தை வைத்துப் புள்ளி போடலாமே என்று யாராவது அவரிடம் கேட்டிருக்கலாம். ஒரு கேள்விதான்.

"புள்ளின்றியே, அதுல ஆளு பேரு இருக்காதா?" என்றார் அத்தை.

"இருக்கும்."

"இவரு பேரு?"

"இருந்துச்சு."

மாமா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். "எவன் எடுத்தான்?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேறு பதில்கள் யோசித்து வைத்திருந்தேன்.

"நான்தான் மாமா. உங்க பேரைப் படிச்சிட்டுதான் எடுத்தேன்."