சேதத்தின் போட்டோ

வானிலை அலுவலகத்துக்காரி மீட்புப் படகுக் கிடங்கு அதிகாரியிடம் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் ஆற்றோரத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், எந்தெந்த வீடு முழுகும் என்பதுவரை வரைபடம் போட்டுக் கொடுத்தாயிற்று. மனுஷன் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சேதத்தோட போட்டோ இருந்தாதாம்மா படகை வெளிய எடுக்க முடியும். அதான் ரூல்."

"வெள்ளமே இன்னும் வரல சார்! போட்டோவுக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப வரட்டும்."

"வந்தப்புறம் எதுக்கு சார் முன்னெச்சரிக்கை? உங்க கிடங்கே இந்த மேப்புல சிவப்பாத்தான் இருக்கு, கண்ணத் தொறந்து பாருங்க."

"இந்தப் பூச்சாண்டியெல்லாம் வேற யார்கிட்டயாவது காட்டும்மா." ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

சொன்ன நாளில், சொன்ன தெருக்களில், சொன்ன உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூட மாடியில், தொப்பலாக நனைந்த குழந்தைகளுக்கு நடுவே அவள் நின்றபோது போன் அடித்தது. படகை எடுக்கப்போன அதிகாரி கிடங்குக் கூரைமேல் மாட்டிக்கொண்டிருந்தார். ஷட்டர் தண்ணீருக்கடியில் இருந்தது.

"எப்படியாவது ஒரு படகு அனுப்பும்மா!"



"எதை சார் அனுப்பறது? ஊர்ப் படகு பூராவும் உங்க காலுக்குக் கீழதான் பூட்டிக் கெடக்கு."