உச்சியும் சங்கும்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காற்று அடிக்கிறது, என் குரல் தூரத்துக்கு எட்டாது. நம் தீவில், ஹேடோவில் ஒரு மனிதர் வெயிலைப் படித்த கதை இது. அறுபத்தாறாம் வருஷம், பங்குனி பிறந்த சமயம்.

குவார்ட்டர்ஸ் பின்புறம் குழந்தைவேலு தகரத் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தார். ஆள் நீளத் தகரம். நெடுக்காகப் பிளந்த மூங்கில் மாதிரி வளைத்து, உட்புறத்தை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்திருந்தார். நடுவில் கரி பூசிய குழாய், அதற்குள் தண்ணீர். தகரத்தில் விழுகிற வெயிலெல்லாம் ஒடுங்கி, ஒரு வெள்ளைக் கோடாகி, அந்தக் குழாயின்மேல் நிற்க வேண்டும். நின்றது. ஒரு தரம் வெற்றிலை மென்று துப்புவதற்குள் வழுக்கி இறங்கிவிட்டது. கோட்டைத் துரத்திக்கொண்டு தொட்டியைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். தண்ணீர் சுட்டது. கொதிக்கவில்லை.

மர மில்லின் பாய்லரில் பதினாலு வருஷம் கட்டை தள்ளும் ஃபயர்மேனாக நின்றவர். புகை நெஞ்சைத் தின்றுவிட்டது. இனி நெருப்பின் முன்னால் நிற்கக் கூடாதென்று டாக்டர் எழுதிவிட்டார். வேலை இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் இல்லை. குவார்ட்டர்ஸ் இல்லையென்றால் தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுவதுதான். ஓவர்சியர் ஜம்புலிங்கம்தான் வெயில் அடுப்பைப் பற்றிய மெலிசான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றையும் மிச்சத் தகரத்தையும் கொடுத்தார்.

“ஆஸ்பத்திரியில ஊசி, கத்திச் சாமான் கொதிக்க வைக்க விறகு பத்தல. வெயில்லயே கொதிக்க வச்சுக் காட்டுய்யா. பதினெட்டாம் தேதி மெயின்லேண்டுலேர்ந்து பெரிய ஆபீசர் சாப் வர்றார். அவர் ஒத்துக்கிட்டா இதப் பாத்துக்க ஒரு போஸ்ட் உண்டு. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

கப்பல் என்றாலே அவர் மனைவி செல்லம் பேச்சை நிறுத்திவிடுவாள். அவர்களுடைய ஒரே மகள் அலமு ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். மேட்டுக்கு அந்தப்பக்கத்து மயானத்தில் கிடக்கிறாள். தலைமாட்டில் செல்லம் நட்ட அரளி இப்போது அவள் தோள் உயரம். தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள். இந்தத் தீவை விட்டுப் போவதென்றால் அந்த அரளியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

மில் ஆட்கள் வேலி ஓரமாகப் போகும்போது இந்தி கலந்து கேலியாகக் கேட்பார்கள்: “க்யா வேலு சாப், சூரியனுக்கு இன்னும் எத்தன கட்ட தள்ளணும்?” அவர் சிரித்துக்கொள்வார். அடுப்பு நெருப்பென்றால் கிளறிவிடலாம், கட்டையைத் தள்ளலாம். இந்த நெருப்பு எட்டாத உயரத்தில் தன் பாட்டுக்கு நடக்கிறது. அதன் நடைக்கு மனிதன்தான் திரும்பி நிற்க வேண்டும். அதுவரை அவருக்குப் புரிந்திருந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் புரியவில்லை. தகரம் மெருகு போதவில்லையோ என்று விரல் தோல் உரியத் தேய்த்தார். வளைவு பிசகோ என்று இரண்டு தரம் தட்டி வளைத்தார்.

இன்னும் நாலு நாள்தான். பக்கத்துச் சந்துக் கடைக்காரர் மனைவி மெஹர்பானு நாகப்பட்டினத்தில் எட்டு வரை படித்தவள். அவள்தான் புத்தகத்தை வாசித்து அர்த்தம் சொல்பவள். அன்று பின்வாசல் படியில் உட்கார்ந்து, வரிமேல் விரலை ஓட்டினாள்.

“நூன்ல ஒரு குச்சிய நட்டு, அதோட நிழல்மேல கோடு போடு. அது வடக்கு தெற்கு. தொட்டிய அதுக்குக் குறுக்க வை. பெறகு வெளிச்சம் குழாய விட்டு நகராது. அப்படித்தாண்ணே போட்டிருக்கு.”

“நூன்னா பன்னெண்டு மணிதானே? மில்லு சங்கு ஊதினதும்தான் கோடு போட்டேன், பானும்மா.”

“ஆமாண்ணே. உச்சி நேரம். பன்னெண்டு.”

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த செல்லம் தலை நிமிராமல் கேட்டாள். “உச்சி எங்க பன்னெண்டுக்கு வருது?”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“உச்சியில மயானத்துல நிக்கக் கூடாதுல்ல. அரளி நிழல் சுருங்கி நின்னதும் அலமுகிட்ட சொல்லிட்டு வந்துருவேன். வந்து, கால் கழுவி, ஒல வச்சு, அரிசியும் போட்டப்பறம்தான் ஒங்க சங்கு ஊதும். ஏழு வருஷமா அப்படித்தான்.”

மெஹர்பானு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “யா அல்லாஹ்! நிழல் பாத்து மதியத்து லுஹர் தொழுறவ நானு. புஸ்தகத்தக் கையில எடுத்ததும் கடியாரத்துக்குப் போயிட்டேனே!”

கடிகாரம் மெயின்லேண்டினுடையது, கண்ணுகளா. நாம் கிழக்கே, கடலுக்கு நடுவே கிடக்கிறோம். சூரியன் நம் தலைக்கு முந்தி வந்துவிட்டு, அப்புறம்தான் அங்கே போகிறது. குழந்தைவேலு அதை அப்போது நினைக்கவில்லை. இந்த ஏழு வருஷமும் செல்லம் எந்த நேரத்துக்குப் போய் எந்த நேரத்துக்கு வருகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் பாய்லர் வாயில் நின்றிருந்தார். சொம்பு ஈரமாகப் படியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குச்சியின் நிழல் நுனியில் கூழாங்கல் கூழாங்கல்லாக வைத்துக்கொண்டே வந்தார். நிழல் குறுகியது, ஒரு கல்லில் தயங்கியது, அடுத்த கல்லில் நீண்டது. தயங்கியபோதே அவர் மணி கேட்டார்; “பதினொண்ணு இருவத்தெட்டுண்ணே!” என்று மெஹர்பானு கடைக்குள்ளிருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினாள். தயங்கிய கல்லுக்கு நேராகப் புதுக் கோடு போட்டார். சங்குக்குப் போட்ட பழைய கோட்டுக்கும் அதற்கும் நடுவே பாதி விரித்த விசிறி அளவு இடம். தொட்டியைத் திருப்பி வைத்தார். வெள்ளைக் கோடு குழாயில் ஏறி, அங்கேயே உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. கொதிக்கப் போகிற தண்ணீரின் அந்தச் சத்தம் தூக்கத்தில்கூட அவருக்குத் தெரியும்.

பதினெட்டாம் தேதி காலை ஜம்புலிங்கம் சைக்கிளில் வேகமாக வந்தார். “சாப் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வர்றாராம்.”

“மூணு மணின்னா இங்க வெயில் எறங்கிடும்ங்க. பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்க.”

“பெரிய சாபுக்கு நான் நேரம் சொல்றதாய்யா?”

“நீங்களும் சொல்லல, நானும் சொல்லலீங்க.” கூழாங்கற்களைக் காட்டினார். ஜம்புலிங்கம் அவற்றைப் பார்த்துவிட்டு, சாபிடம் சொல்லச் சைக்கிளைத் திருப்பினார்.

பதினோரு மணிக்குச் சாபின் ஜீப் வந்தது. செல்லம் அன்று விடியும்போதே மயானத்துக்குப் போய் வந்திருந்தாள். திரும்பும்போது, ஒருவேளை கப்பல் ஏற வேண்டி வந்தால் என்று நினைத்து, அரளியடி மண் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த முடிச்சோடு கதவோரம் நின்றாள்.

குழாயின் வாயிலிருந்து ஆவி முதலில் நூலாக வந்தது, பிறகு கயிறாக. சாப் குனிந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டார். பன்னிரண்டாக இன்னும் நேரம் இருந்தது, தரையில் குச்சியின் நிழல் அதற்குள் குறுகிக் கிடந்தது. பேனாவைத் திறந்து நோட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். குழந்தைவேலு அந்தப் பேனாவைப் பார்க்கவில்லை, குழாய்மேல் நின்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நகரவில்லை. செல்லத்தின் விரல்கள் முந்தானை முடிச்சின்மேல் இருந்தன. தூரத்தில், மெதுவாக, மில் சங்கு ஊத ஆரம்பித்தது.

எழுந்து போங்கள், கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டு முற்றத்தில் விழுகிற வெயில் உங்களுக்குச் சோறாகட்டும். உங்கள் வீட்டில் யாரும், தினமும் போய்ப் பார்க்கிற ஒருவரை விட்டுவிட்டுக் கப்பல் ஏறாமல் இருக்கட்டும்.