தளர்த்திய தையல்

என் தங்கை உடம்பு தேறியதைப் பார்த்து எல்லோரும் டாக்டரைத்தான் புகழ்ந்தார்கள். அதில் பாதிப் புகழ் எனக்குச் சேர வேண்டியது என்று நான்கு வருடம் மனசுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

நான் தையல்காரி. தங்கை பத்தொன்பது வயதில் சோற்றைக் கண்டாலே பயந்து, எலும்பும் தோலுமாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாம் முறை வீடு திரும்பிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் சட்டை இறுக்கினால் போதும், அன்றைக்குத் தட்டு அப்படியே இருக்கும். அதனால் அவள் துணிகளையெல்லாம் நானே தைத்தேன், உள்ளே தாராளமாகத் துணி விட்டு. துவைத்துக் காய்ந்ததும் பக்கத் தையலைப் பிரித்து, அரை விரல் தளர்த்தித் தைத்து, இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். அம்மா "சதை போட்டிருக்கே" என்று வாயெடுத்தால் காலை மிதிப்பேன். சட்டை இறுக்கவே இல்லை. அவள் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், சிரிக்கக்கூடச் செய்தாள்.

கடைசியாகப் போனபோது டாக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை.

"உள்ள விட்ட துணி தீர்ந்துபோனா என்னம்மா பண்ணுவீங்க?" என்றார்.

உடம்பு மாறியதை அவளே தெரிந்துகொண்டு, அந்த உடம்போடு வாழப் பழகினால்தான் குணம் நிலைக்கும் என்றார். மெதுவாகச் சொல்லுங்கள், நானும் கூட இருக்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷன் எனக்குப் பாடம் எடுக்கிறாரா? அவள்தான் நன்றாக இருக்கிறாளே என்று அங்கே அழைத்துப் போவதையே நிறுத்திவிட்டேன். எல்லாம் தெரிந்த மேதாவி நான்.

ஒரு சனிக்கிழமை அவள் ஆபீஸ் தோழிகளோடு துணிக்கடைக்குப் போனாள். தன் சைஸ் என்று இத்தனை நாள் நம்பியிருந்ததைச் சொல்லி ஒரு சட்டை கேட்டிருக்கிறாள். போட்டுப் பார்க்கும் அறையில் அது தோளைத் தாண்டவில்லை. அடுத்த சைஸும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தவள் அலமாரியில் இருந்த சட்டைகளையெல்லாம் உள்புறம் திருப்பிக் கட்டிலில் போட்டாள். பிரித்த இடமெல்லாம் பழைய ஊசித் துளைகள் வரிவரியாகத் தெரிந்தன.

"எத்தனை தடவை பிரிச்சே?"

எண்ணவில்லை என்றேன். அது உண்மைதான்.

"நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா" என்றாள்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஆபீஸிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பொய் எனக்கு ஏற்கெனவே பழக்கமானது. கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழாத குறைதான். நீ அழகாகத்தான் இருக்கிறாய் என்றேன், இதுதான் உனக்குச் சரியான உடம்பு என்றேன். நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. எந்த முகத்தோடு நான் நம்பச் சொல்வது?

மூன்று மாதத்தில் அதே ஆஸ்பத்திரி. எடை பார்க்கும் அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே வந்த நர்ஸிடம் எவ்வளவு இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு உங்க தங்கையே சொல்லிட்டாங்க."

"நான் அவளோட அக்காங்க."

"தெரியும்மா. அக்காவுக்குத் தெரியாம பாத்துக்கோங்க, அவ பாவம், பயந்துக்குவான்னு சொன்னாங்க."