மூன்று மழைக்குத் திறக்காத குடை

நீர்முள்ளிக்குடியில் வெயில் பொறுக்காதவர்கள் கோடை முடியும்வரை குடைக்குள் சென்று இருந்துவிடுவது வழக்கம். அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு முதல்நாள் அவர்கள் தத்தம் குடையுடன் பேரூராட்சியின் குடைக்கூடத்திற்கு வருவார்கள். வரிசையில் நின்று, முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, விரித்த குடையின்கீழ் அடக்கமாக நிற்பார்கள். காப்பாளர் குடையை மூடுவார். ஆளும் அதனுள் சென்றுவிடுவார். நாடாவைச் சுற்றிப் பொத்தானிட்டு, பெயர்ச்சீட்டைக் கட்டிக் கொக்கியில் மாட்டி, செருப்பை அக்கொக்கியின்கீழ் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. முதல் மழை பெய்யும் நாளில், மழை விடுவதற்குள், அனைவரையும் திறந்துவிட வேண்டும்.

இருபத்தோராண்டுகளாகக் கூடத்தின் காப்பாளராக இருந்தவர் மரகதவல்லி. அவர் மூடிய குடை எதுவும் இடையில் விரிந்ததில்லை. அவர் அழைத்துத் திறவாத குடையும் ஒன்றே ஒன்றுதான். அது ஏழாம் கொக்கியில் தொங்கியது. அதனுள் இருந்தவர் அவருடைய கணவர்.

குடையை மூடிவைத்துத் திறக்கும் பொறி எளிமையானது. தண்டின் அடிப்பகுதியில் நகத்தின் அளவுக்கு ஒரு பித்தளை நாக்கு உண்டு. கம்பிகளைத் தாங்கும் குழல் கீழே இறங்கும்போது, அதன் துளைக்குள் அந்த நாக்கு 'டக்'கென்று பாய்ந்து பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் விட்டுவிடும். ஆனால் ஆளிருக்கும் குடைக்கு அழுத்தம் மட்டும் போதாது. வெளியிலிருப்பவர் அழைக்க வேண்டும். அழைப்பு தமக்குரியது என்றறிந்து உள்ளிருப்பவர் ஓரடி எடுத்துவைக்க வேண்டும். அந்த நொடியில் விரல் நாக்கை அழுத்த வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் குடை விரியும். மேலும், மூடிய கையும் அழைக்கும் குரலும் ஒருவருக்கே உரியனவாக இருத்தல் வேண்டும். ஆகவே மரகதவல்லி மூடிய குடையை மரகதவல்லிதான் திறக்க முடியும்.

தணிகாசலம் என்னும் அக்கணவர் எவருக்கும் வழிவிடுகின்றவர். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது பழமொழி. அவர் பந்திக்கும் பிந்துவார். பேருந்தில் எல்லாரும் ஏறட்டும் என்று நிற்பார், பேருந்து போய்விடும். இரண்டு கோடைகளுக்கு முன்னர் ஒருநாள், தண்ணீர் வண்டி வந்ததென்று மனைவி இரண்டு குடங்களைக் கொடுத்தனுப்பினார். அவர் வரிசையில் முதல் ஆளாகச் சேர்ந்து, பின்னால் வந்த முப்பத்திரண்டு பேருக்கு வழிவிட்டு, இரண்டு வெறுங்குடங்களுடன் வீடு திரும்பினார்.

"ஊருக்கெல்லாம் வழி விடுங்க" என்றார் மரகதவல்லி. "நீங்க அந்தக் குடைக்குள்ளயே கிடந்தாலும் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் வந்துடாது."

மறுநாள் தணிகாசலம் குடையுடன் கூடத்துக்கு வந்தார். தமக்குப் பின்னால் வந்த மூவரையும் முன்னே போகச் சொல்லிவிட்டுக் கடைசியாக நின்றார். மரகதவல்லி குடையை மூடினார். தம் மேசைக்கு அருகிலிருந்த ஏழாம் கொக்கியில் மாட்டினார்.

அவ்வாண்டு முதல் மழையில் அவர் வெளிவரவில்லை. அடுத்த ஆண்டு மழையிலும் வரவில்லை. தாம் சொன்ன சொல் கணவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கிறது, அதனால்தான் வர மறுக்கிறார் என்று மரகதவல்லி முடிவு செய்துகொண்டார். வெள்ளிதோறும் கொக்கியின்கீழிருந்த செருப்பைத் துடைத்து வைத்தார். அவ்வப்போது குடையின் அருகில் நின்று, தண்ணீர் இப்போது குழாயிலேயே வருகிறது என்று தெரிவித்தார். குடைக்குள் இருப்பவர்க்கு வயது ஏறுவதில்லை. கணவருக்கும் மனைவிக்கும் இடையே மூன்றாண்டாக இருந்த வேறுபாடு ஓராண்டாகக் குறைந்திருந்தது. இன்னும் ஓராண்டு கழிந்தால் இருவரும் ஒத்த வயதினராகிவிடுவர்.

ஆனால் அத்துணைக் காலம் இல்லை. மூன்று மழைக்குத் திறக்காத குடை வெறும் குடையாகக் கருதப்படும் என்பது பேரூராட்சியின் விதி. வெறும் குடையை, குடையில்லாத பணியாளர் ஒருவருக்கு வழங்கிவிடுவார்கள். ஏழாம் கொக்கிக் குடை தெருவிளக்குப் பணியாளர் கலியமூர்த்திக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்தது.

வைகாசி இருபத்தாறாம் நாள் காலையில் மேகம் திரண்டது. கலியமூர்த்தி கடிதத்துடன் வந்து விசிப்பலகையில் அமர்ந்தார்.

"நான் சும்மாதான் வந்தேன், அம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவரு வந்துட்டா எனக்குச் சந்தோஷம்தான். வராட்டியும் நல்லாப் பாத்துக்குவேன். வெயில்ல பிடிக்க மாட்டேன்."

"தலைகீழா மாட்டக் கூடாது. அவருக்குத் தலை சுத்தும்" என்றார் மரகதவல்லி.

"சரிங்க, அம்மா."

குடை பழுதுபார்க்கும் ஆசீர்வாதம் குறடும் எண்ணெய்க் குப்பியுமாக ஏணிமேல் நின்றிருந்தார். சென்ற இரண்டு ஆண்டுகளாக முதல் மழை நாளில் கூடத்தில் ஒரு தொல்லை நேர்ந்துகொண்டிருந்தது. தொங்கும் குடைகளுள் ஐந்தாறு, காரணமின்றிக் கொக்கியிலிருந்து கழன்று விழுந்தன. கொக்கிகள் சரியில்லை என்று மரகதவல்லி இருமுறை எழுத்து மூலம் முறையிட்டிருந்தார். ஆசீர்வாதம் இருமுறையும் கொக்கிகளை வளைத்துக் கொடுத்திருந்தார்.

"இனிமே வளைச்சா அது கொக்கி இல்லக்கா, மோதிரம்" என்றார் அவர். ஏழாம் குடையின் நாக்கையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "இதுலயும் ஒரு குத்தமும் இல்ல. வெண்ணெய் மாதிரி வழுக்குது."

"பொறியில குத்தம் இல்லன்னு எனக்கும் தெரியும்" என்றார் மரகதவல்லி.

பதினொரு மணிக்கு மழை தொடங்கியது. மரகதவல்லி எழுந்து புடைவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முதல் கொக்கிக்குச் சென்றார். நாடாவை அவிழ்த்து, "தில்லைநாயகி, மழை வந்துடுச்சு" என்று அழைத்து நாக்கை அழுத்தினார். தில்லைநாயகி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு சென்றார். இவ்வாறே ஆறு குடைகளும் திறந்தன.

ஏழாவதன் நாடாவை அவர் மெல்ல அவிழ்த்தார். குடைத்துணிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். குரல் தாழ்ந்தது.

"ஏங்க, மழை வந்துடுச்சு."

கட்டைவிரல் அழுத்தியது. நாக்கு அசையவில்லை. கூடத்தின் மறுகோடியில் ஐந்து குடைகள் தொப்பென்று விழுந்தன.

ஆசீர்வாதம் ஏணியிலிருந்து இறங்கி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். பெயர்ச்சீட்டுகளைப் படித்தார். கந்தப்பன், மாசிலாமணி, அப்துல் லத்தீப், வேதமாணிக்கம், இன்னொரு கந்தப்பன்.

"அக்கா, எல்லாம் ஆம்பளைங்க குடை."

"அதனால என்ன?"

"எல்லாரும் கல்யாணம் ஆனவங்க. இப்ப நீங்க என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"எப்பவும் வீட்டுல கூப்பிடற மாதிரிதான்."

"இன்னொரு தரம் கூப்பிடுங்க. கொஞ்சம் சத்தமா."

"ஏங்க" என்றார் மரகதவல்லி.

விசிப்பலகையிலிருந்து கலியமூர்த்தி சட்டென எழுந்து நின்றார். "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, யாரும் விடை கூறாததால் மீண்டும் உட்கார்ந்தார். மேலும் நான்கு குடைகள் விழுந்தன. ஏழாம் குடை மட்டும் பின்பக்கமாகச் சிறிதே ஒதுங்கியது. கூட்டத்தில் ஒருவர் மற்றவர்க்கு வழிவிடும்போது எவ்வளவு ஒதுங்குவாரோ அவ்வளவுதான் ஒதுங்கியது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொக்கி மேல பழி போட்டு மூணு வருஷமா என் கையை ஒடிச்சீங்களே, அக்கா" என்றார் ஆசீர்வாதம். "வீட்டுல இருக்கறது அவரு ஒருத்தரு. இங்க இத்தனை பேரு தொங்கறாங்க. பொண்டாட்டி கூப்பிடறான்னு ஆளாளுக்கு ஒரு அடி எடுத்து வெக்கறாங்க. உங்க வீட்டுக்காரரு மட்டும், போறவங்க போகட்டும்னு நிக்கறாரு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

மரகதவல்லி தம் கணவரின் பெயரை ஒருநாளும் உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவார். மருத்துவமனையில் கேட்டால் பலகையின்மேல் விரலால் எழுதிக் காட்டுவார். கூடத்தின் பதிவேட்டில் 'சபாபதி மகன் தணிகாசலம்' என்று அழகாக எழுதியிருந்தார். எழுதுவதில் தடையில்லை, எழுத்து வாயிலிருந்து வருவதன்று.

"சொன்னா ஆயுசு குறையும்பாங்க" என்றார்.

"உள்ள இருக்கறவருக்கு வயசே ஏறல. அதுல எதைக் குறைக்கறது?"

"இருந்தாலும்..."

கலியமூர்த்தி சன்னல் வழியே வெளியே பார்த்தார். ஓட்டு விளிம்பிலிருந்து கம்பி கம்பியாக இறங்கிய நீர் இப்போது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு அவசரமில்லம்மா" என்றார் அவர். "மழைக்குத்தான் அவசரம் போல."

மரகதவல்லி மீண்டும் குடைக்கு அருகில் சென்றார். அருகிலிருந்த தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. இரண்டாம் முறை 'தணி' என்பதுவரை வந்து நின்றது. குடையின் கம்பிகளுள் ஒன்று மெல்லக் கிணுகிணுத்தது. அவர் கண்களை மூடிக்கொண்டு, பதிவேட்டில் எழுதியிருந்ததை மனக்கண்ணால் பார்த்து, எழுத்துப் பிசகாமல் படித்தார்.

"சபாபதி மகன் தணிகாசலம். மழை வந்துடுச்சு."

விரலின்கீழ் நாக்கு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. குடை விரிந்தது.

தணிகாசலம் வெளியே வந்தார். சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது. கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார்.

"எல்லாரும் போயாச்சா?"

"இன்னும் இருக்காங்க" என்றார் மரகதவல்லி.

"அப்ப நான் கொஞ்சம் பொறுத்து..."

"நீங்க வெளிய வந்தாச்சு. நில்லுங்க."

அவர் நின்றார். கொக்கியின்கீழிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உள்ள யாரோ யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. பாவம், அவசரம் போல, அவங்க முதல்ல போகட்டும்னு இருந்துட்டேன்."

"அது நான்தான்."

"அப்படியா" என்றார் தணிகாசலம். சற்று எண்ணிப் பார்த்தார். "நல்ல குரல்."

"நான் அன்னிக்குச் சொன்னது..." என்று மரகதவல்லி தொடங்கினார்.

"குடம் வெறுங்குடம்தானே" என்றார் அவர். "நீ சொன்னது சரிதான்."

மழை விடுவதற்குள் மற்றவர்களையும் திறந்துவிட வேண்டியிருந்தது. மரகதவல்லி பெயர் பெயராக அழைத்தார். ஒரு குடையும் விழவில்லை. சென்ற இரண்டு ஆண்டும் பொழுதுசாயும்வரை நீண்ட வேலை அன்று ஒரு மணிக்கு முடிந்தது. கடைசியாக வெளிவந்த இன்னொரு கந்தப்பன், தம்மைக் காலையிலேயே வீட்டில் தேடினார்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அவர் அமைதியாகப் போனார்.

தணிகாசலம் தம் குடையைக் கலியமூர்த்தியிடம் நீட்டினார். "உங்களுக்குன்னு ஒதுக்கினதாமே. வெச்சுக்குங்க."

"விதிப்படி இது இப்ப வெறும் குடை இல்லீங்களே" என்று தயங்கினார் கலியமூர்த்தி.

"நான் வெளிய வந்துட்டேன். இப்ப வெறும் குடைதான்."

கலியமூர்த்தி அதை ஒப்புக்கொண்டு வாங்கிக்கொண்டார். மழை முற்றிலும் விட்டது. ஓட்டின்மேல் வெயில் விழுந்தது. ஆசீர்வாதம் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். அப்போது வாசற்படியில் ஆளரவம் கேட்டது. மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

மழை வந்து நின்றிருந்தது. செருப்பை வெளியிலேயே கழற்றியிருந்தது.

தணிகாசலம் பழக்கத்தால் ஒதுங்கி வழிவிட்டார். மழை உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றது.

"கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றது. "வெயில் தாங்கல."

"குடை கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டார் மரகதவல்லி.

"எனக்குக் குடை ஏதும்மா?"

கலியமூர்த்தி தம் கையிலிருந்த குடையை மேசைமேல் வைத்தார். "நீங்களே உள்ள போயிட்டா எனக்கு இது எதுக்கு? வெளிய வந்தப்புறம் குடுங்க."

மரகதவல்லி பதிவேட்டில் ஒரு புதிய வரியைத் தொடங்கினார். "எப்பக் கூப்பிடணும்?"

"ஐப்பசி பொறந்ததும் எழுப்பினாப் போதும்."

"ஐப்பசி ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழமை. கூடத்துக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலையில கூப்பிடறேன்."

"பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவீங்க?"

"பேரைச் சொல்லித்தான்."

மரகதவல்லி மழையின் பெயரைக் கேட்டு எழுதி, சரியாக எழுதியிருக்கிறோமா என்று ஒருமுறை படித்துக் காட்டினார். சரிதான் என்றது மழை. பின்னர் விரித்த குடையின்கீழ் அடக்கமாக நின்றது. மரகதவல்லி குடையை மூடினார். நாக்கு 'டக்'கென்று விழுந்தது. நாடாவைச் சுற்றிப் பொத்தானிட்டு, சீட்டைக் கட்டி, ஏழாம் கொக்கியில் மாட்டினார். குடை கொஞ்சம் கனத்தது.

"தணிகாசலம்" என்று திரும்பாமலேயே அழைத்தார். "வாசல்ல இருக்கற செருப்பை எடுத்து இதுக்குக் கீழ வைங்க."

தணிகாசலம் சென்று எடுத்துவந்தார். இரண்டும் இடக்கால் செருப்புகள். அவற்றை ஏழாம் கொக்கியின்கீழ் இணையாக வைத்தார்.